வறண்ட ஊரின் வரவுக் கணக்கு

அரசு ஊழியரை மிரட்ட நம் ஊரில் ஒரு வாசகம் போதும்: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." ராமநாதபுரத்துக்காரர்கள் இதைக் கேட்டு எத்தனை காலம் மனம் புழுங்கியிருப்பார்கள் என்பது தனிக் கதை. இந்த மிரட்டலுக்கு நேர் எதிரான ஒன்று திருப்பூரில் பல தலைமுறைகளாக நடந்துகொண்டிருக்கிறது. யாரும் மாற்றல் உத்தரவு போடாமலே மதுரை, தேனி, சிவகங்கை ஆட்களும், இப்போது ஒடிசா, பிகார் ஆட்களும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பேர்போன ஓர் ஊரில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்திலிருந்துகூட வருகிறார்கள். காவிரி பாயும் மண்ணை விட்டு மழை மறைவு நிலத்துக்கு வருகிறார்களே என்று ஒரு கணம் யோசித்தால் விசித்திரமாகத்தான் இருக்கும்.

அவர்களில் பலருக்குத் தங்க இடம் கிடைப்பது ஊரின் வடக்கு ஓரத்தில்: போயம்பாளையம், பூலுவப்பட்டி, நெருப்பெரிச்சல். நெருப்பெரிச்சல் 2011 வரை தனி ஊராட்சி. பிறகு மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று அங்கே பனியன் கம்பெனிகள், பத்திரப் பதிவு அலுவலகம், அரசு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு, வரிசை வரிசையாக லைன் வீடுகள், நடு நடுவே மனை போடாமல் மிஞ்சிய காடு. கொங்கு வழக்கில் காடு என்றால் மானாவாரி நிலம். சோளமும் கொள்ளும் விளைந்த மண்.

வறண்ட ஊருக்குக் குடிபோவதால் என்ன நன்மை என்ற கேள்வியை அமெரிக்காவில் அரிசோனாவையும் நெவாடாவையும் வைத்து நூறாண்டாக அலசுகிறார்கள். வளைகுடா நகரங்களைப் பற்றி நம்மவர்களுக்கே சொந்த அனுபவம் உண்டு. ராஜஸ்தானில் அதைப் பற்றி ஒரு தனிப் பண்பாடே வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் இது கேள்வியாகவே எழுந்ததில்லை. வறட்சி என்றால் நிவாரணம், நிவாரணம் என்றால் நிதி, அத்தோடு பேச்சு முடிந்துவிடும். வறட்சிக்கு வரவுப் பக்கம் ஒன்று உண்டா, உண்டென்றால் அது யார் கணக்கில் ஏறுகிறது என்று திருப்பூரை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். திருப்பூர் பாலைவனம் அல்ல. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். ஜெய்சால்மர், பீனிக்ஸ், துபாய் எல்லாம் அந்த வரம்புக்குள் வரும். திருப்பூர் வட்டாரத்தில் சராசரியாக 600, 700 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. தென்மேற்குப் பருவத்தின் மழையைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையே கேரளத்துப் பக்கம் இறக்கிக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்வது காற்றும் கொஞ்சம் தூறலும். புவியியலார் இதை அரை வறள் நிலம் என்கிறார்கள். நம் மரபிலும் பாலை தனியாக இருக்கும் நிலமல்ல. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலை என்றுதான் சிலப்பதிகாரம் அதை வரையறுக்கிறது. சங்கத் தலைவன் பொருள் தேடிப் பாலையைக் கடந்து போவான். இங்கே பொருளே பாலைக்குள் இருக்கிறது.

ஆனால் மழையளவை மட்டும் வைத்து ஊரை அளக்க முடியாது. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் 8.77 லட்சம் பேர். 2024-25இல் பின்னலாடை ஏற்றுமதி மட்டும் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இத்தனை துணிக்கும் சாயம் ஏற்றத் தண்ணீர் வேண்டும். உள்ளூரில் இருக்கும் நீரையும் ஊருக்கு வேண்டிய நீரையும் ஒப்பிட்டால் திருப்பூர் பாலைவன நகரங்களின் வரிசையில்தான் வரும்.

வறட்சியை மூலதனமாக்கிய ஊர் என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் சிவகாசியைத்தான் சொல்வார்கள். 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊர் திரும்பித் தொழில் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த பெரிய சாதகம் வெயில். மருந்து தடவிய குச்சி நமத்துப் போகக் கூடாது, பட்டாசு காய வேண்டும், அச்சடித்த தாள் சுருங்கவும் நீளவும் கூடாது. மூன்றுக்கும் ஒரே மருந்து, உலர்ந்த காற்று. தூத்துக்குடி உப்பளமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. வடக்கே பிகானேரில் காராச்சேவுக்கு உறவான புஜியா உலகப் புகழ் பெற்றதற்குப் பாலை மண்ணில் விளையும் மோத் பயறும், அப்பளம் காயப்போட்டால் மதியத்துக்குள் மொறுமொறுக்கும் காற்றும் காரணம். அரிசோனாவின் டூசான் நகருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காசநோயாளிகள் கூட்டமாக வந்து கூடாரம் போட்டார்கள். இன்று அதே ஊரின் விமானப் படைத்தளத்தில் ஆயிரக்கணக்கான பழைய விமானங்கள் துருப்பிடிக்காமல் வெட்ட வெளியில் நிற்கின்றன. நோயாளிக்குக் கிடைத்த பயன் சந்தேகத்துக்குரியது, விமானத்துக்குக் கிடைத்த பயனில் சந்தேகமில்லை.

சிவகாசிக்குச் சொன்னதையே திருப்பூருக்கும் சொல்லிவிடுவது வழக்கம். வறண்ட காற்று, அதனால் துணித் தொழில் வந்தது என்று. இது பாதி உண்மை. பஞ்சு ஈரத்தை விரும்பும் பொருள். பருத்தி நூலின் இயல்பான ஈரப்பதத்தை வணிகத்தில் 8.5 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். அது குறைந்தால் நூல் அறும், பஞ்சுத் தூசி பறக்கும், நிட்டிங் மெஷினில் துணி ஓட்டை விழும். இங்கிலாந்தில் லங்காஷயரின் ஈரக் காற்றை நம்பித்தான் நூற்பாலைகள் எழுந்தன என்று படித்திருப்போம். ஏர் கண்டிஷனிங் என்ற பெயர்கூட 1906இல் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற அமெரிக்கப் பொறியாளர் நூற்பாலைக்குள் ஈரம் ஏற்றும் ஏற்பாட்டுக்கு வைத்ததுதான். ஆக, நூற்பதும் பின்னுவதுமான கட்டத்தில் வறட்சி எதிரி.

அதற்கு முன்னும் பின்னும்தான் அது நண்பன். காட்டில் பருத்தி வெடிக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பஞ்சு கறுத்து விலை போகாது. கொங்கு நாட்டின் உலர்ந்த பருவம் அங்கே கை கொடுத்தது. திருப்பூர் பருத்திச் சந்தையாகவும் ஜின்னிங் ஊராகவும் வளர்ந்தது அப்படித்தான். 1920களில் இங்கே பனியன் தொழில் முளைத்த பிறகு, சலவைப் பட்டறையிலிருந்து வெளியே வரும் ஈரத் துணியைக் காய வைக்க வெயிலும் வெட்ட வெளியும் இலவசமாகக் கிடைத்தன. இப்போது டிரையரும் காம்பேக்டிங்கும் வந்துவிட்டன. ஆனாலும் தைத்து, பிசிறு வெட்டி, அயர்ன் போட்டு, பெட்டியில் அடைத்த பனியன் கன்டெய்னரில் ஏறித் தூத்துக்குடி போகும்வரை பூசணம் பிடிக்காமல் இருப்பதில் ஊர்க் காற்றுக்கும் பங்கு உண்டு. மழைக்கால மும்பையில் துணியைக் குடோனில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

காற்றைவிட முக்கியமான வேறொரு காரணம் மண்ணுக்குள் இருக்கிறது என்பது என் கணிப்பு. கொங்கு விவசாயி தண்ணீரை ஆற்றில் பார்த்து வளர்ந்தவன் அல்ல. கிணற்றில் பார்த்தவன். ஆழக் கிணறு தோண்டி, எருது கட்டிக் கவலை ஓட்டி, ஒரு சால் தண்ணீருக்கு ஒரு நடை நடந்தவன். அந்த உழைப்புக்கு மண் கொடுத்த கூலி குறைவு. டெல்டாவில் நிலம் வைத்திருந்தவர் நிலத்தை விட்டு வெளியே வர ஒரு காரணமும் இல்லை. இங்கே காரணம் கண் முன்னால் கிடந்தது. 1932இல் நீலகிரியின் பைக்காராவில் நீர் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியதும் கம்பி இந்தப் பக்கம் வந்தது. கிணற்றுக்கு மோட்டார், ஊருக்கு மில். மழை நிறைந்த மலை தன் நீரைத் தரவில்லை, மின்சாரமாக அனுப்பியது. வறண்ட ஊர்களின் செழிப்பு எப்போதுமே இப்படி வேறோர் ஈரமான இடத்தில் கடன் வாங்கியதாகத்தான் இருக்கிறது. இதைப் பின்னால் இன்னும் பார்க்கப் போகிறோம்.

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட 'ஃபிரெடர்னல் கேப்பிடல்' திருப்பூரைப் பற்றிய ஆய்வுகளில் முக்கியமானது. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சியை உழைப்பு என்ற ஒன்றை வைத்தே விளக்குவதை அவர் கூர்ந்து கவனிக்கிறார். கிணற்றடியில் பழகிய உழைப்பு கம்பெனிக்குள் மூலதனமாக மாறியது என்பது அவர்களுடைய கதை. கதையில் உண்மை இருக்கிறது, விட்டுப்போன பக்கமும் இருக்கிறது. கவலை ஓட்டியவர்களில் நிலம் இருந்தவர்கள் உண்டு, அவர்களிடம் கூலிக்கு ஓட்டியவர்களும் உண்டு. கிணற்றை அடகு வைத்து மெஷின் வாங்க முதலாமவரால்தான் முடிந்தது. வறட்சி எல்லோரையும் காட்டை விட்டுத் துரத்தியது, கம்பெனி முதலாளியாக ஆனது சிலர்தான்.

வறண்ட நிலத்தை வறண்ட நிலமாகவே வைத்துப் பிழைக்கத் தெரிந்த ஏற்பாடு ஒன்றும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம். உழவில்லை, பாசனமில்லை. ஒரு மழைக்குத் தளிர்க்கும் புல்லில் மாட்டை விட்டு மேய்ப்பார்கள், காய் உதிரும் காலத்தில் வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. காங்கேயம் காளை இந்தப் புல்லில் வளர்ந்ததுதான். வறட்சியோடு மல்லுக்கட்டாமல் அதற்குள் வாழும் அறிவு என்றால் அது கொறங்காடுதான், பனியன் கம்பெனி அல்ல. அந்த அறிவுக்கு இன்று ஏக்கர் விலை கட்டுப்படியாகவில்லை.

வானம் தரும் வரவு இன்னொரு வகை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பல்லடத்துக்குத் தெற்கே உடுமலைப்பேட்டை வரை போய்ப் பார்த்தால் நம்பலாம். மழையை மலைக்கு அப்பால் விட்டுவிட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலருக்குச் சொந்தமாகக் காற்றாலை உண்டு. கம்பெனிக் கூரைகளில் சூரியத் தகடு ஏறிவிட்டது. ஐரோப்பாவில் சரக்கு வாங்குபவர் இந்தச் சட்டைக்குப் பின்னால் எவ்வளவு கரி எரிந்தது என்று கணக்குக் கேட்கும் காலத்தில் வெயிலும் காற்றும் விற்பனைக் காரணமாகவே ஆகிவிட்டன. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தபோது அது உலகின் பெரியவற்றில் ஒன்றாக இருந்தது. ராஜஸ்தானின் பட்லாவில் 2,245 மெகாவாட். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் வாங்கிப் போக இப்போது மின்சாரக் கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன.

உடம்புக்கு என்ன லாபம்? இங்கே அறிவியல் தெளிவாக இருக்கிறது. மனித உடல் சூட்டைத் தணிப்பது வியர்வை ஆவியாகும்போது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அதனால்தான் வெப்பமானி காட்டும் எண்ணைவிட, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்ணை ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதம் இருந்தால் இந்த ஈரக்குமிழ் அளவு சுமார் 23. வெப்பம் 34 டிகிரிதான், ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அது 30ஐத் தொடும். பங்குனி, சித்திரை மதியத்தில் திருப்பூரில் வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழலுக்குப் போனால் தாங்கும். சென்னையில் நிழலும் புழுங்கும். துபாயைப் பாலைவன நகரம் என்று நினைத்துப் போனவர்கள் ஆகஸ்டில் ஏமாந்து போவதும் இதனால்தான். அது கடலோரப் பாலைவனம், சூடும் புழுக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். உலர்ந்த காற்றில் இரவு சீக்கிரம் குளிரும். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்கிற சுகம் லைன் வீட்டு மக்களுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது, மாடிக்கு ஏற வீட்டுக்காரர் விட்டால்.

ஆனால் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெயில் பிடித்து வந்தேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார். வேலை. அதுவும் ஆண்டு முழுக்க வேலை. வயலில் கூலிக்குப் போகிறவருக்கு நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே கை வறண்டு போகும், மழை அதிகமானாலும் வேலை இல்லை, பொய்த்தாலும் இல்லை. பனியன் கம்பெனிக்கு மழை ஒரு பொருட்டே அல்ல. ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எதில் ஒட்டிக்கொண்டாலும் வாரக் கடைசியில் சனிக்கிழமை சம்பளம். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். பெண்ணுக்கும் ஆணுக்கும் சேர்ந்து வேலை கிடைக்கும் ஊர் தமிழ்நாட்டில் அவ்வளவாக இல்லை. வறண்ட ஊரின் நன்மை என்று அவர்கள் எண்ணுவது வானிலையை அல்ல, வானிலையைச் சார்ந்திராத வருமானத்தை. வறட்சியிலிருந்து விடுதலை பெற வறண்ட ஊருக்கு வருகிறார்கள்.

இத்தனை வரவும் ஒரே ஒரு செலவில் தொங்குகிறது. தண்ணீர்.

பாலைவன நகரங்களின் சிறப்பைப் பேசுகிற எழுத்துகளில் பெரும்பாலும் இந்த இடம் வேகமாகக் கடந்துபோகும். பீனிக்ஸில் ஆண்டு முழுக்க வெயில் என்பார்கள். அந்த வெயிலுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள், மலையேற்றி இறக்கினார்கள். 2022இல் ஆற்றில் நீர் குறைந்து பங்கீடு வெட்டப்பட்டபோது முதலில் அடிபட்டது அரிசோனா விவசாயிகள். பிகானேரும் ஜெய்சால்மரும் இந்திரா காந்தி கால்வாயை நம்பி இருக்கின்றன, அதன் நீர் பஞ்சாபிலிருந்து வருகிறது. துபாய் கடலைக் காய்ச்சிக் குடிக்கிறது. திருப்பூருக்குப் பவானியும் காவிரியும்.

1990களில் இந்த ஊரின் சாலைகளில் தண்ணீர் லாரிகள் எறும்புச் சாரையாக ஓடின. சுற்று வட்டாரக் கிராமங்களில் கிணற்று நீரை விவசாயிகள் சாயப்பட்டறைகளுக்கு விற்றார்கள். பயிருக்கு இறைப்பதைவிட லாரிக்கு இறைப்பது லாபம், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுவது யார் கணக்கிலும் இல்லை. இதற்கு மாற்றாக 1995இல் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் உருவாயிற்று. சுமார் 1,000 கோடி ரூபாயில், பவானி அருகே ஆற்றிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005இல் ஓடத் தொடங்கியது. தனியார் பங்கேற்போடு இந்தியாவில் நிறைவேறிய முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒன்று. பட்டறைக்கு விலை கூட, வீட்டுக் குடிநீருக்கு விலை குறைவு என்ற ஏற்பாடு. தண்ணீரைத் தனியாருக்கு விடலாமா என்று அப்போது எழுந்த விவாதம் நியாயமானது. அதே சமயம் தண்ணீருக்கு விலை வந்த பிறகுதான் பட்டறைக்குள் மீட்டர் பார்க்கும் பழக்கம் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பழைய வின்ச் சாய எந்திரத்தில் ஒரு கிலோ துணியை ஒருமுறை முக்கியெடுக்க 20 லிட்டருக்கு மேல் வேண்டும். சாப்ட் ப்ளோ மெஷினில் 6, 8 லிட்டரில் முடியும்.

ஆனால் வறட்சி தானாக யாருக்கும் சிக்கனம் கற்றுத் தந்துவிடாது. பற்றாக்குறையான ஊர் என்பதற்காகச் சாயப்பட்டறைகள் ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றை மதித்து நடக்கவில்லை. நீர் குறைந்த ஆற்றில் கழிவைக் கலந்தால் கழிவே ஆறாகிவிடும், அதுதான் நடந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. கீழே ஈரோடு, கரூர் மாவட்ட விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், வழக்காடினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்டவை நின்றன. அதன் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாமல் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு ஊர் உண்மையாக மாறியது. ஆர்.ஓ.வில் வடித்து, மிஞ்சும் உப்பு நீரை ஆவியாக்கி, உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். 90 சதவீதத்துக்கு மேல் நீர் திரும்பி வருகிறது. சாய வேலை கொஞ்சம் வெளியூர்களுக்கு நழுவியதும் உண்மை, ஆவியாக்க விறகும் மின்சாரமும் எரிவதும் உண்மை. இருந்தாலும் ஈரமான எந்த ஊரும் இந்த அளவுக்குப் போக வேண்டிய கட்டாயத்தில் இருந்ததில்லை.

இதே போக்கை லாஸ் வேகாஸிலும் பார்க்கலாம். சூதாட்ட விடுதிகளின் நீரூற்றைக் காட்டிக் கேலி செய்யப்படும் அந்த ஊரில் வீட்டுக்குள் பயன்படுத்திய நீர் ஏறக்குறைய முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு கொலராடோ ஆற்றின் மீட் ஏரிக்கே திரும்புகிறது. 2021இல் நெவாடா மாநிலம் அழகுக்கு மட்டும் வளர்க்கும் புல்தரையை அந்த நகரில் தடை செய்யச் சட்டம் போட்டது. 2002க்குப் பிறகு பல லட்சம் பேர் கூடியும் ஆற்றிலிருந்து எடுக்கும் நீர் குறைந்திருக்கிறது. அங்கேயும் வறட்சி ஆசிரியராக இருக்கவில்லை. ஆற்றுப் பங்கீட்டு ஒப்பந்தம்தான் பிரம்பைக் கையில் வைத்திருந்தது.

வறண்ட ஊரில் வாழ்வதன் மெய்யான பயன் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: நீருக்குக் கணக்கு எழுத வேண்டிய கட்டாயம். வெயிலைத் தகடு போட்டு எங்கும் பிடிக்கலாம், காற்றை எந்திரம் வைத்து எங்கும் உலர்த்தலாம். கணக்குப் பழக்கம் இல்லாத ஊரில் நீர் தீரும்போது ஒரு வழியும் இராது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது திருப்பூரைப் போல இரண்டு மடங்கு மழை பெறும் நகரம் ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்ததைப் பார்த்தோம்.

வீட்டளவில் இந்தக் கணக்கு பட்டறையைவிடப் பழையது. நெருப்பெரிச்சலில் ஒரு லைன் வீட்டு வரிசையின் வாசலைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் நீல டிரம். வாயில் பழைய பனியன் துணியைக் கட்டியிருந்தால் அது நல்ல தண்ணி, ஆற்றுத் தண்ணீர், குழாயில் முறை வைத்து வந்தது. மூடாமல் இருப்பது சப்பைத் தண்ணி, போர்வெல்லிலிருந்து ஏற்றியது, துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும். துவைத்துக் கடைசியாக அலசிய நீர் ஒரு பக்கெட்டில் கக்கூஸ் வாசலில் காத்திருக்கும். புதிதாக வந்த பிகார்ப் பையன் சப்பைத் தண்ணியில் சோறு பொங்கி ஒருமுறை முகம் சுளித்தால் போதும், பிரிவினை புரிந்துவிடும். ராஜஸ்தானின் நீர் மரபுகளைத் தேடித் தேடி எழுதிய அனுபம் மிஸ்ரா, அங்குள்ளவர்கள் நீரை மூன்றாகப் பிரிப்பதைக் காட்டுகிறார்: மழையாக விழுந்து ஓடும் நீர், பாதாளத்து நீர், இரண்டுக்கும் நடுவே மணலில் ஈரமாகத் தங்கி ஊறும் நீர். குடிக்க ஒன்று, கால்நடைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் எல்லாத் தண்ணீரும் ஒரே குழாயில் வந்து ஒரே சாக்கடையில் போய்விடுகிறது.

இந்த டிரம்முக்குள்ளேயே ஒரு வில்லங்கமும் இருக்கிறது. டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் அல்ல, சேமித்து வைத்த நல்ல தண்ணீரில் முட்டையிடும். வாரம் ஒருமுறை குழாயில் வந்தால் வாரம் முழுக்கச் சேமிக்க வேண்டும், சேமித்தால் கொசு. சிக்கனத்துக்குக் கிடைக்கும் தண்டனை இது. மாநகராட்சி ஆட்கள் வந்து டிரம்மைக் கவிழ்க்கச் சொல்லும்போது நடக்கும் வாய்ச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். தீர்வு டிரம்மில் இல்லை, குழாயில் இருக்கிறது. தண்ணீர் அடிக்கடி வந்தால் டிரம் தேவைப்படாது.

வேறொரு விந்தையையும் சொல்ல வேண்டும். நெருப்பெரிச்சல், சர்க்கார் பெரியபாளையம் கிராம எல்லைகளில் பரந்து கிடக்கும் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. சுமார் 126 ஹெக்டேர். இமயத்தைத் தாண்டிப் பறந்து வரும் பட்டைத்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கே இறங்குகிறது. பாசனத்துக்கு வெட்டிய பழைய குளம், நல்லாற்று வடிகாலில் மழை நீரோடு ஊரின் கழிவுநீரும் வந்து சேர்கிறது. சுற்றிலும் வறண்டிருக்கும்போது ஒரு நீர்நிலையின் மதிப்பு பல மடங்கு கூடும், பறவைக்கும் சரி, மனைத் தரகருக்கும் சரி. அதே மாதம், 2024 ஆகஸ்ட் 17 அன்று, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்ட அத்திக்கடவு அவிநாசித் திட்டம் தொடங்கியது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை மோட்டார் வைத்து ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது. மறுபடியும் கடன் வாங்கிய நீர்தான். ஆனால் இந்த முறை அது பட்டறைக்குப் போகவில்லை, நிலத்தடிக்குப் போகிறது. உபரி வராத ஆண்டில் அதிலும் ஒன்றும் வராது.

பிழைக்க வருகிறவரின் பக்கமிருந்து பார்த்தால் மிச்சமிருக்கும் பெரிய கேள்வி வெயில்தான். உலர்ந்த வெயில் தாங்கக்கூடியது என்று மேலே சொன்னது நிழலில் நிற்பவருக்கு. தகரக் கூரைக்கு அடியில் பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவருக்கு அல்ல. மேலே தகரம், பக்கத்தில் அயர்ன் டேபிளின் நீராவி, பஞ்சு பறக்குமென்று காற்றாடியைக் குறைத்து வைப்பது எல்லாம் சேர்ந்து உலர்ந்த ஊருக்குள்ளேயே ஒரு புழுக்கமான ஊரை உண்டாக்கிவிடும். பீஸ் ரேட்டில் தைப்பவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் பீஸ் குறையும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெட்ட வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இரண்டுமே பெரும்பாலும் வெளியில் நிற்பவரை மனதில் வைத்தவை, கூரைக்கு அடியில் இருப்பவர் இரண்டிலும் எளிதில் அடங்க மாட்டார்.

இத்தனைக்கும் இதற்கு மலிவான வழி இந்தக் காற்றிலேயே இருக்கிறது. ஈரத் திரை வழியாகக் காற்றை இழுத்து அனுப்பும் ஏர் கூலர் சென்னையில் பயனற்றது, புழுக்கத்தைக் கூட்டும். வறண்ட ஊரில் அது பல டிகிரி குறைக்கும், ஏசிக்கு ஆகும் மின்சாரத்தில் சிறு பங்குதான் எடுக்கும். அரிசோனாவில் 1930களிலேயே வீட்டுக்கு வீடு இதை வைத்தார்கள். கூடவே நூலுக்கும் கொஞ்சம் ஈரம் கிடைக்கும், அறுவது குறையும். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது அதைவிட மலிவு. வெளிநாட்டு பையர் தணிக்கைக்கு வரும் பெரிய கம்பெனிகளில் இதெல்லாம் வந்துவிட்டது. ஆனால் அவற்றின் ஆர்டரில் ஒரு பகுதி ஜாப் ஒர்க்காகப் பிரிந்து போய் முடிவது நாலு மெஷின் போட்ட ஷெட்டுகளில். அங்கே தணிக்கைக்காரர் போவதில்லை, கூலரும் போகவில்லை.